தமிழில் குறிப்பெடுக்க எது சரி: அப்சிடியனா, ஜாப்ளினா, லாக்சீக்கா?

புதிதாக ஒரு மென்பொருள் கண்ணில் பட்டால் அதை நிறுவிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. குறிப்பெடுக்கும் செயலி என்றால் கேட்கவே வேண்டாம். கடந்த சில ஆண்டுகளில் இந்த வகையில் வந்தவை ஏராளம். பெரும்பாலானவை இலவசம், பலவும் அருமையானவை. ஆனால் "நான் எதில் எழுதலாம்?" என்று நண்பர்கள் கேட்கும்போது, ஆங்கிலத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளை அப்படியே எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. அவற்றை எழுதுகிற யாரும் 'வீடு' என்று தேடி 'வீட்டில்' கிடைக்கிறதா என்று பார்ப்பதில்லை. தமிழில் எழுதுகிற நமக்கு அதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, அந்த மென்பொருள் நாளைக்கு இல்லாமல் போனால் என் எழுத்து என்ன ஆகும் என்பது. இது வீண் பயம் அல்ல. 2008இல் வெளிவந்த எவர்நோட், கணினியில் குறிப்பு என்றாலே அதுதான் என்னும் அளவுக்குப் பரவியிருந்தது. இத்தாலியைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் அதை வாங்கப்போவதாக 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர்கள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் புதிதாக எதையும் எழுத முடியாது என்ற நிலைக்கு வந்தார்கள். விலை வைப்பது நிறுவனத்தின் உரிமை. ஆனால் பல ஆண்டுக் குறிப்புகள் அவர்கள் வகுத்த வடிவத்தில், அவர்களுடைய கணினியில் கிடக்கும்போது, பேரம் பேசும் இடத்தில் நாம் இருப்பதில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு நான் ஓட்டிப் பார்த்தவற்றில் தேறியவை மூன்று: அப்சிடியன், ஜாப்ளின், லாக்சீக். நோஷனையும், ஈமாக்ஸ் என்ற பழைய எழுத்துத் திருத்தியோடு வரும் ஆர்க்-மோடையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூகுள் கீப் போன்றவை மளிகைப் பட்டியலுக்குப் போதும். இங்கே பேசுவது வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகிற எழுத்தைப் பற்றி.

நோஷனை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது அதற்கு இணை இல்லை. அட்டவணை, பணிப்பட்டியல், பொறுப்பு யாருக்கு, எப்போதுக்குள் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். தனி மனிதரின் குறிப்புகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எல்லாம் அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. இணையம் இல்லாமல் வேலை செய்யும் வசதியே 2025 ஆகஸ்டில்தான் வந்தது. மார்க்டவுனாக, அதாவது சில எளிய குறிகள் மட்டும் கலந்த வெறும் எழுத்துக் கோப்பாக, ஏற்றுமதி செய்யலாம் என்பது உண்மைதான். செய்து பாருங்கள்: ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நீளமான ஓர் அடையாள எண் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஒழுங்குபடுத்துவதே தனி வேலை.

அப்சிடியன்

ஷிடா லி, எரிக்கா ஷு என்ற இருவர் 2020இல் தொடங்கியது இது. அதற்கு முன் டைனலிஸ்ட் என்ற பட்டியல் செயலியைச் செய்தவர்கள். அப்சிடியனின் அடிப்படை எளிமையானது: உங்கள் கணினியில் ஒரு கோப்புறை, அதற்குள் ஒவ்வொரு குறிப்பும் ஒரு மார்க்டவுன் கோப்பு. அந்தக் கோப்புறைக்கு வால்ட் என்று பெயர். அவ்வளவுதான். அப்சிடியனை நீக்கிவிட்டு நோட்பேடில் திறந்தாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். ஜான் க்ரூபர் 2004இல் மார்க்டவுனை வெளியிட்டபோது அதன் நோக்கமே இதுதான்: குறிகள் இருந்தாலும் வெறும் கண்ணால் படிக்கும்படி இருக்க வேண்டும். செயலியைவிடக் கோப்புதான் நிலைக்க வேண்டும் என்பதை அப்சிடியனின் இப்போதைய தலைமைச் செயல் அலுவலர் ஸ்டெஃப் ஆங்கோ தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார். செயலி விற்கிறவரே அப்படிச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஒரு குறிப்பில் 'வீடு', இன்னொன்றில் 'வீட்டில்', மூன்றாவதில் 'வீடுகளுக்கு' என்று எழுதிவையுங்கள். அப்சிடியனில் 'வீடு' என்று தேடினால் முதலாவதும் மூன்றாவதும் கிடைக்கும். நடுவில் உள்ளது கிடைக்காது. யூனிகோடில் 'டு' என்பது டகரமும் உகரக் குறியும். 'ட்' என்பது டகரமும் புள்ளியும். செயலி நீங்கள் கொடுத்த குறிகளின் வரிசை அப்படியே எங்காவது வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. ஆகவே கடைசி உகரத்தைக் கழற்றிவிட்டு 'வீட' என்று தேடுங்கள். மூன்றும் வந்துவிடும். கூடவே 'வீடியோ'வும் வரும். அது வேண்டாம் என்றால் /வீ(டு|ட்ட)/ என்று சாய்கோடுகளுக்கு நடுவில் எழுதலாம், 'வீ'க்குப் பின் 'டு' அல்லது 'ட்ட' வரும் இடங்கள் மட்டும் கிடைக்கும். அப்சிடியனின் தேடலில் இந்த ரெகெக்ஸ் முறை உள்ளிருப்பாகவே உண்டு.

புள்ளியில் முடியும் பெயர்களுக்கும் இதே வழிதான். 'தஞ்சாவூர்' என்று தேடினால் 'தஞ்சாவூரில்', 'தஞ்சாவூருக்கு' எதுவும் வராது, ஏனென்றால் வேற்றுமை உருபு ஒட்டும்போது புள்ளி போய்விடுகிறது. புள்ளி இல்லாமல் 'தஞ்சாவூர' என்று தேடினால் எல்லாம் வரும். இதை ஒருமுறை பழகிவிட்டால் கை தானாகவே கடைசிக் குறியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடும். தமிழ் இலக்கணத்தைப் புரிந்துகொண்டு தேடும் குறிப்புச் செயலி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே சொல்லின் மாறாத பகுதியை நாமே வெட்டிக் கொடுக்க இடம் தருகிறதா என்பதே அளவுகோல். அதில் அப்சிடியன் முதலில் நிற்கிறது.

அடுத்தது இணைப்பு. அப்சிடியனின் பெரிய கவர்ச்சியே இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயரை எழுதினால் அந்தக் குறிப்புக்கு இணைப்பு உண்டாகிவிடும் என்பதுதான். [[மதுரை]]யில் என்று எழுதினால் சிக்கல் இல்லை. 'மதுரை' இணைப்பாகவும் 'யில்' வெறும் எழுத்தாகவும் நிற்கும், படிக்க உறுத்தாது. [[தஞ்சாவூர்]]இல் என்று எழுதினால் வாக்கியம் உடைகிறது. [[தஞ்சாவூர்|தஞ்சாவூரில்]] என்று நடுவில் கோடு போட்டு எழுதினால் சரியாகிவிடும், ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தட்டச்சு செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? இதற்கு நான் கண்ட வழி, குறிப்பின் தலையில் இருக்கும் பண்புகளில் மாற்றுப்பெயராகத் 'தஞ்சாவூரில்', 'தஞ்சாவூருக்கு', 'தஞ்சாவூரின்' என்று அடிக்கடி வரும் வடிவங்களைச் சேர்த்துவிடுவது. பிறகு இரட்டை அடைப்பைத் திறந்து இரண்டு எழுத்து அடித்ததுமே அந்த வடிவங்கள் பட்டியலில் எட்டிப் பார்க்கும். தேர்ந்தெடுத்தால் கோடு போட்ட இணைப்பை அதுவே எழுதித் தரும். இன்னொரு நன்மையும் உண்டு. இணைக்கப்படாத குறிப்பீடுகள் என்று அப்சிடியன் பக்கவாட்டில் ஒரு பட்டியல் காட்டும், அதாவது இந்தக் குறிப்பின் பெயர் வேறெங்கெல்லாம் இணைப்பில்லாமல் வருகிறது என்று. மாற்றுப்பெயர்களையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். தமிழில் அந்தப் பட்டியல் உருப்படியாக நிறைவது இப்படிச் செய்த பிறகுதான். ஊர்ப்பெயர், ஆள் பெயர், நூல் பெயர் என்று அடிக்கடி வரும் குறிப்புகளுக்கு மட்டும் இதைச் செய்தாலே போதும்.

கோப்பின் பெயரே தலைப்பு என்பதில் ஒரு வரம்பு இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதை உணரவே மாட்டார்கள். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'தஞ்சாவூர்' நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு 9 குறி, 27 பைட். பின்னொட்டைக் கழித்தால் ஒரு தலைப்புக்கு 84 தமிழ்க் குறிகள்தான் மிச்சம், அதாவது ஏறத்தாழ நாற்பத்தைந்து எழுத்து. விண்டோஸ் வேறு கணக்கு வைத்திருக்கிறது. அங்கே ஒரு தமிழ்க் குறி ஓர் அலகு, மொத்தம் 255 அலகு. அதனால் மடிக்கணினியில் ஒழுங்காகச் சேமிக்கப்பட்ட நீண்ட தலைப்புள்ள குறிப்பு, ஆண்ட்ராய்டு கைபேசிக்குப் போகும்போது கோப்பாகவே உருவாகாமல் நின்றுவிடும். தலைப்பை நாற்பது எழுத்துக்குள் வைத்துக்கொண்டு, விரிவான தலைப்பு வேண்டுமானால் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள்.

2025இல் வந்த பேசஸ் என்ற வசதியை நான் தனியாகக் கொண்டாடுகிறேன். புத்தகக் குறிப்புகளின் தலையில் 'ஆசிரியர்', 'பதிப்பகம்', 'ஆண்டு', 'இரவல்' என்று பண்புகளைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். பேசஸ் அவற்றையெல்லாம் ஒரே அட்டவணையாக விரிக்கிறது. யாரிடம் எந்தப் புத்தகம் போயிருக்கிறது என்று ஒரு நொடியில் வடிகட்டிப் பார்க்கலாம், அட்டவணையிலேயே திருத்தலாம். திருத்திய தகவல் அந்தந்தக் கோப்பின் தலையில் எழுத்தாகவே போய் உட்கார்கிறது. முன்பு டேட்டாவியூ என்ற செருகுநிரலை, அதாவது வெளியார் எழுதிய கூடுதல் வசதியை, போட்டு, அதற்கென்று வினவல் மொழியைக் கற்றுச் செய்ய வேண்டியிருந்த வேலை இது. குறிப்புகளுக்கு இடையிலான இணைப்புகளைக் காட்டும், எல்லாரும் படம் எடுத்துக் காட்டும் வலைப்பின்னல் வரைபடம் அழகுதான். அதைப் பார்த்து நான் எந்த முடிவும் எடுத்ததில்லை.

குறைகள் உண்டு. அப்சிடியன் திறமூலம் அல்ல. சொந்தப் பயன்பாட்டுக்குத் தொடக்கத்திலிருந்தே இலவசம். அலுவலகத்தில் பயன்படுத்தவும் 2025 பிப்ரவரியிலிருந்து உரிமம் வாங்கக் கட்டாயம் இல்லை. ஆனாலும் நிரலை நாம் பார்க்க முடியாது. செருகுநிரல்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றை இயக்கினால் செயலிக்கு என்னென்ன அனுமதி இருக்கிறதோ அத்தனையும் அவற்றுக்கும் கிடைத்துவிடும், தனித் தடுப்பு எதுவும் கிடையாது. அதனால்தான் தொடக்கத்தில் அவை முடக்கப்பட்டே வருகின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் போடாமல், நான்கைந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புது மென்பொருள் என்றால் ஆசைப்படுகிற என் போன்றவர்களுக்கு இது எளிதல்ல, ஆனாலும் சொல்கிறேன்.

ஜாப்ளின்

லாரன் கோசிக் என்ற நிரலாளர் தொடங்கிய இந்தச் செயலிக்கு, ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் பெயர். முழுக்கத் திறமூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் இலவசம். கறுப்புத் திரையில் வேலை செய்கிறவர்களுக்கு டெர்மினல் பதிப்புகூட இருக்கிறது. பார்ப்பதற்கு அப்சிடியன் அளவு மினுமினுப்பு இல்லை. இடப்பக்கம் நோட்டுப்புத்தகங்கள், நடுவில் குறிப்புகளின் பட்டியல், வலப்பக்கம் குறிப்பு. எவர்நோட்டில் பழகியவர் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம். எவர்நோட்டின் ஏற்றுமதிக் கோப்பை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்கிறது.

இதன் உயிர் ஒத்திசைவில், அதாவது கணினியிலும் கைபேசியிலும் ஒரே குறிப்புகளை வைத்திருப்பதில், இருக்கிறது. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட், வெப்டாவ் என்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இடத்தையே பயன்படுத்திக்கொள்ளும்; வேண்டுமென்றால் அவர்களுடைய கட்டணச் சேவையும் உண்டு. அமைப்புகளில் முனை முதல் முனை வரையான மறையாக்கத்தை இயக்கிவிட்டால், டிராப்பாக்ஸில் போய் உட்காருவது யாராலும் படிக்க முடியாத குப்பை எழுத்துதான். மருத்துவ விவரம், வீட்டுக் கணக்கு, நிலப் பத்திரத்தின் படம் என்று வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மறையாக்கம் வெளியே போகும் பிரதிக்குத்தான். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் தரவுத்தளம் திறந்தபடியே இருக்கும். மடிக்கணினியின் வட்டையும் மறையாக்கம் செய்துவைப்பது உங்கள் பொறுப்பு.

வெப் கிளிப்பர் என்ற உலாவி நீட்சியை நான் மனதாரப் பாராட்டுவேன். தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தின் ஒரு நூல் பக்கத்தையோ தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையையோ திறந்து, வேண்டிய பத்தியைத் தெரிவுசெய்து ஒரு சொடுக்கு. எந்த நோட்டுப்புத்தகம், என்ன குறிச்சொல் என்று அங்கேயே கேட்டு, மூலப் பக்கத்தின் முகவரியோடு சேமித்துவிடும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு, பழைய கட்டுரைகளைத் திரட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழ்த் தேடலில் ஜாப்ளின் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அது சொல்வாரியாக அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு தேடுவது. எனவே 'வீடு' என்றால் 'வீடு' என்ற தனிச்சொல் மட்டும்தான். 'வீடுகளுக்கு' கூட வராது. சொல்லின் கடைசியில் நட்சத்திரம் போட்டு 'வீட*' என்று தேட வேண்டும். சொல்லின் நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டுமென்றால், தேடலின் முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் அட்டவணையை விட்டுவிட்டு எழுத்து எழுத்தாகப் பார்க்கும் அடிப்படைத் தேடலுக்கு மாறிவிடும். 'கூட்டுறவு' என்பதற்குள் இருக்கும் 'உறவு' எதிலுமே கிடைக்காது என்பது வேறு கதை. புணர்ச்சியில் உகரமே உருமாறிவிடுகிறதே. குறிப்புகள் நிறையச் சேர்ந்த பிறகு ஜாப்ளினின் தேடல் வேகம் குறையாமல் இருப்பது நல்ல விஷயம். என்றாலும், நட்சத்திரம் போட மறந்துவிட்டு 'இல்லை போலிருக்கிறது' என்று முடிவுகட்டும் ஆபத்து எப்போதும் உண்டு. தமிழில் எழுதும் யாருக்காவது ஜாப்ளினை நிறுவிக் கொடுத்தால் முதல் வேலையாக நட்சத்திரத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

இணைப்பில் மட்டும் இது தமிழுக்கு எதிர்பாராத வகையில் இணக்கமாக இருக்கிறது. ஜாப்ளினில் இணைப்பு குறிப்பின் பெயரைக் கொண்டு அமைவதல்ல. ஒவ்வொரு குறிப்புக்கும் மாறாத ஓர் அடையாள எண் இருக்கிறது, இணைப்பு அதைத்தான் சுட்டுகிறது. அதனால் இணைப்பின் மேல் தெரியும் சொல் 'தஞ்சாவூரிலிருந்து' என்றோ 'அந்த ஊரில்' என்றோ எப்படியும் இருக்கலாம். தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அறுந்துபோகாது. தலைப்பு கோப்பின் பெயரும் அல்ல என்பதால், மேலே சொன்ன 255 பைட் தொல்லையும் இல்லை. அதே நேரத்தில், எந்தெந்தக் குறிப்புகள் இங்கே இணைகின்றன என்ற பட்டியலைப் பார்க்கத் தனிச் செருகுநிரல் தேவை.

என் இரண்டாவது கேள்விக்கு ஜாப்ளினின் பதில் பாதி மதிப்பெண்தான். எழுத்து மார்க்டவுன், இருப்பிடம் ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளம். கோப்புறையைத் திறந்து கையில் எடுத்துப் படிக்க முடியாது, செயலியின் வழியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். ஏற்றுமதி நேர்மையாக இருக்கிறது: நோட்டுப்புத்தகங்கள் கோப்புறைகளாக, குறிப்புகள் கோப்புகளாக, தேதியும் குறிச்சொற்களும் ஒவ்வொன்றின் தலையிலும் எழுதப்பட்டு வெளியே வந்துவிடும். மாதம் ஒருமுறை இப்படி எடுத்து வைப்பவருக்குக் கவலை இல்லை. இன்னொன்று, பழைய வடிவங்களை ஜாப்ளின் இயல்பாகவே 90 நாள் வைத்திருக்கிறது. அப்சிடியனின் உள்ளிருப்பு மீட்பு வசதி 7 நாள்தான், அமைப்புகளில் போய்க் கூட்டிக்கொள்ள வேண்டும்.

லாக்சீக்

லாக்சீக்கைத் திறந்ததும் இன்றைய தேதியிட்ட பக்கம் வந்து நிற்கும். தலைப்பு யோசிக்க வேண்டாம், எந்தக் கோப்புறை என்று யோசிக்க வேண்டாம், எழுது என்கிறது. நாட்குறிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஒவ்வொரு வரியும் ஒரு தனித் துண்டு. ஒரு துண்டுக்குக் கீழே இன்னொன்று உள்தள்ளி எழுதலாம், எந்தத் துண்டையும் வேறு பக்கத்திலிருந்து சுட்டலாம். பிடிஎஃப் நூலைத் திறந்து வண்ணமிட்டால் அந்த வரி ஒரு துண்டாகக் குறிப்பில் வந்து நிற்கும், சொடுக்கினால் நூலின் அதே பக்கத்துக்குப் போகும். இந்த வசதி உள்ளிருப்பாகவே வருவது இந்த மூன்றில் இதில் மட்டும்தான். திறமூலம் என்பதும் எனக்கு உவப்பு.

ஆனால் நீண்ட உரைநடை எழுதுகிறவருக்கு இது ஒத்துவராது. பத்தி பத்தியாகக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு பத்திக்கு முன்னும் ஒரு புள்ளி வந்து நிற்கிறது. வேறு செயலியில் கோப்பைத் திறந்தால் எல்லாம் சிறுகோடிட்ட பட்டியலாகத் தெரிகிறது. துண்டுச் சுட்டல்கள் வெளியே நீளமான எண்களாக மட்டுமே தெரியும், அங்கே என்ன எழுதியிருந்தது என்று பார்த்ததும் தெரியாது. அதைவிட முக்கியமாக, கோப்புகளை அடிப்படையாகக் கொண்ட பழைய வடிவத்திலிருந்து தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய வடிவத்துக்கு லாக்சீக் மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. உருவாக்குகிறவர்களுக்கு அதற்கான காரணங்கள் இருக்கின்றன. வேகமும் பலர் சேர்ந்து எழுதும் வசதியும் கோப்புகளை வைத்துக்கொண்டு கடினம். ஆனால் இன்று புதிதாகத் தொடங்குகிறவரிடம், நடுவழியில் நிற்கும் ஒன்றில் ஏறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆர்க்-மோடைப் பற்றி ஒரு பத்தி. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தொடங்கியது. இருபது ஆண்டுக்கு மேலாகியும் அதே வெறும் எழுத்துக் கோப்பு. நிலைத்திருப்பதற்கு இதைவிடச் சான்று எங்கே? ஈமாக்ஸுக்குள்ளேயே தமிழ்99 உள்ளீட்டு முறை இருப்பதால் இயங்குதளத்தின் விசைப்பலகையைத் தொடாமலே எழுதலாம். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் மற்ற மூன்றும் முனகும், ஏனென்றால் மூன்றுமே, ஓர் உலாவியையே உள்ளே சுமந்து வரும் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை; ஆர்க்-மோடு அங்கேயும் சரளமாக ஓடும். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல இல்லாததால் அட்டவணைகளின் கோடுகள் கோணிக்கொண்டு நிற்பதுதான் குறை. ஈமாக்ஸ் ஏற்கெனவே கைவந்தவர் வேறெதையும் தேட வேண்டாம். குறிப்பெடுப்பதற்காக மட்டும் ஈமாக்ஸ் கற்கப் புறப்படுவது கோயிலுக்குப் போக ரயில் பாதை போடுவது மாதிரி.

மார்க்டவுனில் தமிழ்: இரண்டு எச்சரிக்கை

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மார்க்டவுன் கூடவே வரும் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். சாய்வெழுத்துக்கு அடிக்கோட்டையும் பயன்படுத்தலாம் என்கிறது விதி. ஆனால் _வீடு_க்கு என்று உருபை ஒட்டி எழுதினால் அடிக்கோடுகள் அப்படியே திரையில் நிற்கும். சொல்லுக்கு நடுவில் வரும் அடிக்கோட்டைக் குறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மார்க்டவுனின் பொது விதி. நட்சத்திரம் போட்டால் சரியாக வரும். அதேபோல் தடித்த எழுத்துக்குள் மேற்கோள் குறியை வைத்து **"வீடு"**க்கு என்று எழுதினால் நட்சத்திரங்கள் வெளியே தெரியும். மேற்கோள் குறியை வெளியே எடுத்து "**வீடு**"க்கு என்று எழுதுங்கள். உருபை ஒட்டி எழுதும் மொழிகளை யோசிக்காமல் வகுத்த விதிகள் இவை. நாம் தெரிந்து வைத்துக்கொண்டால் பிழைப்பு ஓடும்.

இரண்டாவது, பழைய எழுத்து. தஸ்கியிலோ பாமினியிலோ தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகள் பலரிடமும் இருக்கும். 'கொ' என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடும்போது ஒன்று கிடைக்காமல் போகலாம். 'ஸ்ரீ'க்கும் இதே போல் இரண்டு வடிவம் உண்டு. குறிப்புகள் வெறும் கோப்புகளாக இருந்தால் பைதானில் நாலு வரி எழுதி, மொத்தக் கோப்புறையிலும் ஒகர ஓகாரங்களை ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 'ஸ்ரீ'க்குத் தனியாக ஒரு வரி போட வேண்டும். நான் முதலில் கேட்ட இரண்டு கேள்விகளும் சந்திக்கிற இடம் இதுதான். கோப்பு கையில் இருந்தால், செயலி செய்யாததை நாமே செய்துகொள்ள முடிகிறது.

பணமும் கைபேசியும்

அப்சிடியனின் சொந்த ஒத்திசைவுச் சேவை, ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 4 டாலர். 1 ஜிபி இடம், முனை முதல் முனை வரை மறையாக்கம். எழுத்து மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் இந்தத் திட்டத்தில் 5 எம்பியைத் தாண்டும் கோப்புகள் போகாது, நூல்களை ஸ்கேன் செய்து வைப்பவர்களுக்கு இடிக்கும். பணம் கட்ட வேண்டாம் என்றால் மடிக்கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவில் சிங்க்திங் இருக்கிறது, சர்வரே இல்லாமல் இரு கருவிகளும் நேராகப் பேசிக்கொள்ளும். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024இன் இறுதியோடு நின்றுவிட்டது. அதன் கிளைப் பதிப்பைத்தான் தேட வேண்டும். ஐஃபோன் என்றால் ஐகிளவுட், இல்லையேல் கட்டணச் சேவை. கூகுள் டிரைவில் போட்டு வைக்கலாமே என்று பலரும் நினைப்பார்கள். கணினியில் சரிதான், ஆனால் ஆண்ட்ராய்டின் டிரைவ் செயலி கோப்புறையைக் கைபேசிக்குள் கொண்டுவந்து வைப்பதில்லை, அப்சிடியனால் அதைத் திறக்க முடியாது. ஜாப்ளினில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. டிராப்பாக்ஸ் கணக்கைக் காட்டினால் வேலை முடிந்தது.

ஆகவே என் பரிந்துரை இப்படி. கட்டுரை, கதை, மொழிபெயர்ப்பு, வரலாற்றுக் குறிப்பு என்று தமிழில் நிறைய எழுதுகிறவர், எழுதியதை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க விரும்புகிறவர் அப்சிடியனை எடுத்துக்கொள்ளுங்கள். நானும் அதில்தான் நிலைகொண்டிருக்கிறேன். தேடலில் பகுதியை வெட்டிக் கொடுக்க முடிவதும், கோப்பு கையில் இருப்பதும் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. இணையத்திலிருந்து எடுத்துத் திரட்டுவதே அதிகம் என்றாலும், குடும்ப ஆவணங்களைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்றாலும், கணினி நுணுக்கங்களில் ஆர்வமில்லாத அப்பாவுக்கோ அக்காவுக்கோ நிறுவிக் கொடுக்கப்போகிறீர்கள் என்றாலும் ஜாப்ளின். தினமும் துண்டுதுண்டாக எழுதிப் பழகியவர், பிடிஎஃப் நூல்களோடு வாழ்கிறவர் லாக்சீக்கை ஓட்டிப் பார்க்கலாம், முழு எழுத்தையும் அங்கே குடியேற்றாமல்.

இன்னும் தயக்கம் இருந்தால் ஜாப்ளினில் தொடங்குவதில் நஷ்டம் இல்லை. அங்கிருந்து மார்க்டவுனாக ஏற்றுமதி செய்த கோப்புறையை அப்சிடியனில் வால்ட்டாகத் திறந்தால் உடனே வேலை செய்யும். மறுபக்கம் போவதுதான் கொஞ்சம் கடினம்: இரட்டை அடைப்பு இணைப்புகளை ஜாப்ளின் புரிந்துகொள்ளாது. அப்படி மாற வேண்டி வரலாம் என்று தோன்றினால், அப்சிடியனின் அமைப்புகளில் விக்கி இணைப்பு எனப்படும் இந்த இரட்டை அடைப்பு முறையை நிறுத்திவிட்டுச் சாதாரண மார்க்டவுன் இணைப்பை முதல் நாளிலிருந்தே இயக்கிவையுங்கள். எந்தப் பக்கம் போவதானாலும் இருக்கிற எழுத்து மொத்தத்தையும் ஏற்றுவதற்கு முன், நீளமான தலைப்புள்ள ஒன்று, படம் உள்ள ஒன்று, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஒன்று என்று சில குறிப்புகளை மட்டும் ஏற்றி, கைபேசியிலும் திறந்து, 'வீட' என்று தேடிப் பாருங்கள்.